பசியை மருந்தென்று நம்பிய பதினொரு நாட்கள்

மீன் குழம்பில் புளி கூடிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். நாக்கின் இடது ஓரத்தில் சுரீரென்று எரிந்தது. எதிரே இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் நிமிர்ந்து பார்த்து, "புளி அளவாத்தானே கிடக்கு" என்றார். நான் தண்ணீர் குடித்துவிட்டு மற்றப் பக்கத்தால் சாப்பிட்டு முடித்தேன்.

அதன் பிறகு நான்கு மாதம் மற்றப் பக்கத்தாலேயே சாப்பிட்டேன். இதை வாசிக்கிறவர்களில் யாராவது இப்போது அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், மிச்சத்தைப் பிறகு வாசியுங்கள். முதலில் போய் வாயைக் காட்டுங்கள்.

என் பெயர் வசந்தி. வயது நாற்பத்தொன்பது. திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் உள்ள ஓர் அரச அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் தொலைபேசி இணைப்பாளராக இருந்தேன். வருகிற அழைப்பை எடுத்து, வணக்கம் சொல்லி, விஷயத்தைக் கேட்டு, உரிய பகுதிக்குக் கொடுப்பது என் வேலை. கணவர் தவராசா உள்துறைமுகக் கரையில் படகு இயந்திரங்கள் திருத்துகிறவர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்குக் கூடப்பிறந்தது ஒரேயொரு அக்கா. அவள் கனடாவுக்குப் போய் முப்பது வருடம் ஆகிறது.

எனக்கு வெற்றிலைப் பழக்கம் இல்லை. புகையிலையைத் தொட்டதே இல்லை. பாக்கு மட்டும் போடுவேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகும்; அதற்காகத் தொடங்கிய பழக்கம். சீவல் பாக்கை ஒரு சின்னத் தகரப் பேணியில் போட்டு மேசை லாச்சிக்குள் வைத்திருப்பேன். இடது கன்னத்துக்குள் ஒதுக்கிவிட்டால் கதைப்பதற்கும் தடையாக இருக்காது. வாயில் பாக்கு இருப்பது தொலைபேசியில் கேட்கிற யாருக்கும் தெரியாது.

அந்த எரிவுக்கு ஒரு வருடத்துக்கு முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. பல் காட்டப் போன இடத்தில் வைத்தியர், நாக்கின் ஓரத்தில் வெண்திட்டு (வாயின் உட்தோல் தடித்து வெள்ளையாவது; சிலருக்கு இது புற்றாக மாறும்) இருப்பதாகச் சொன்னார். பாக்கை விடுங்கள், மூன்று மாதத்தில் திரும்ப வாருங்கள் என்றார். நான் போகவில்லை. வலிக்காத ஒன்றுக்காக லீவு எடுக்க மனம் வரவில்லை.

கடைசியில் போனபோது திட்டு இருந்த இடத்தில் புண் இருந்தது. அதன் ஓரம் தடித்திருந்தது. சிறு துண்டெடுத்து இழையப் பரிசோதனைக்கு (தசைத் துண்டை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்ப்பது) அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று சத்திரசிகிச்சை நிபுணர் எங்கள் இருவரையும் இருக்கச் சொன்னார். அவர் சிங்களவர். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தமிழில் சொன்னார்.

"அம்மா, இது கென்சர். நாக்கில. வெட்டலாம். கெதியா வெட்ட வேணும்."

"சேர், இவ பாக்கு மட்டும்தான் போடுறவ" என்றார் என் கணவர். ஏதோ பிழையான ஆளின் முடிவு மாறி வந்துவிட்டது போல.

"பாக்கு போதும்" என்றார் அவர்.

நாக்கின் இடது பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்தார்கள். கழுத்தைத் திறந்து நிணநீர்க் கணுக்களையும் (கிருமிகளையும் பரவும் புற்றையும் வடிகட்டும் சிறு முடிச்சுகள்) எடுத்தார்கள். அவற்றில் இரண்டில் புற்று இருந்தது. ஆகவே வெட்டியது மட்டும் போதாது, கதிர்ச்சிகிச்சையும் வேண்டும் என்றார்கள். முப்பது தடவை. கிழமையில் ஐந்து நாள், ஆறு கிழமை.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு ல, ள, ழ, ர, ற எல்லாம் என் வாயில் ஒரே எழுத்தாகிவிட்டன. தவராசா என்று கணவரின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். வேறு யாருடையதோ பெயர் வந்தது. அவர், "இனி தவா எண்டு கூப்பிடு. அது சுகம்" என்றார். கல்யாணம் முடித்து இருபத்திரண்டு வருடத்தில் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அந்த வைத்தியசாலை அறையில்தான் முதன்முதல் கூப்பிட்டேன்.

கதிர்ச்சிகிச்சைக்கு மட்டக்களப்புக்குப் போக வேண்டியிருந்தது. தினமும் போய்வர ஏலாது. அவர் பட்டறையைப் பூட்டிவிட்டு என்னோடு வந்தார். வைத்தியசாலைக்குக் கிட்ட ஒரு வீட்டின் பின்பக்கத்தில் ஓர் அறையும் குளியலறையும் கிடைத்தன. வீட்டுக்காரப் பெண் சமையலுக்குத் தன் குசினியைப் பாவிக்க விட்டார்.

முதல் நாள் முகமூடி செய்தார்கள். சுடுநீரில் இளக்கிய பிளாஸ்ரிக் வலையை என் முகத்தின் மேல் இழுத்துப் பிடித்தார்கள். ஆறியதும் அது என் முகத்தின் அச்சாக இறுகியது. ஒவ்வொரு நாளும் அதை மாட்டித் தலையை மேசையோடு பூட்டுவார்கள். தலை அசைந்தால் கதிர் பட வேண்டிய இடத்தில் படாது. படக்கூடாத இடத்தில் படும். பூட்டியிருக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். எனக்கு அது ஒரு முழு மத்தியானம் போல இருக்கும்.

முதல் இரண்டு கிழமை சமாளித்தேன். மூன்றாம் கிழமை வாய் வெந்தது. சளிச்சவ்வு அழற்சி (கதிர் பட்டு வாயின் உட்தோல் புண்ணாகி உரிவது) என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். சொன்னதைக் கேட்டிருந்தேன், விளங்கவில்லை. எச்சிலை விழுங்குவதற்கு முன் உட்கார்ந்திருக்கும் கதிரையின் கைச்சட்டத்தைப் பிடித்துக்கொள்வேன். அப்படிப் பிடிக்காமல் விழுங்க முடியாது.

ஒரு நாளைக்கு ஆறு கோப்பை என்பது கணக்கு. சோறு, பருப்பு, மீன், முட்டை எல்லாவற்றையும் அவித்து, பாலோடு அரைத்து, கூழாக்கிக் குடிக்க வேண்டும். சமையல் தெரியாத மனிதர் அவர். இயந்திர எண்ணெய் ஏறிய நகங்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு மீன் அவிப்பார். ஏலாத கட்டம் வந்தால் மூக்குக் குழாய் (மூக்கின் வழியாக வயிற்றுக்குள் விடும், உணவு ஊட்டும் குழாய்) போடலாம் என்று வைத்தியர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அந்தக் குழாயோடு தெருவில் போகிறவர்களைப் பார்த்திருந்தேன். அவர்களைப் பார்க்கிறவர்களின் முகத்தையும் பார்த்திருந்தேன்.

அந்தக் கிழமைதான் அக்கா ஒரு வீடியோ அனுப்பினாள். பின்னாலேயே அவளுடைய அழைப்பு வந்தது. கணவர் கடைக்குப் போயிருந்தார்.

"வசந்தி, நீ கதைக்க வேண்டாம், கேள்" என்றாள். "உடம்புக்குச் சாப்பாடு குடுக்காம விட்டா, கலங்கள் தங்களைத் தாங்களே தின்னுமாம். ஒட்டோபேஜி எண்டு பேராம். கூடாத கலத்தைத்தான் முதல் தின்னுமாம். உனக்குள்ள மிச்சம் சொச்சம் கிடந்தாலும் கரைஞ்சு போகும். இங்க கனபேர் செய்யினம்."

"டொக்டர் சாப்பிடச் சொல்றார்" என்றேன். எத்தனை எழுத்து அவளுக்கு விளங்கியதோ தெரியாது.

"அவங்கள் அப்பிடித்தான் சொல்லுவாங்கள். நீ சஷ்டிக்கு ஆறு நாளும் வெறும் தண்ணியோட இருந்தனி. உனக்கென்ன இது புதுசா? தவராசாவுக்குச் சொல்லாத. அந்த மனுசன் விடாது."

என்னை ஏமாற்றியது அக்காவும் இல்லை, வீடியோவும் இல்லை. விழுங்குவதற்கு நான் பயந்திருந்தேன். அந்தப் பயத்துக்கு ஒரு நல்ல பெயர் தேவைப்பட்டது. விழுங்காமல் இருப்பதே மருந்து என்று ஒருவர் சொன்னதும், கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டேன்.

"நீங்கள் பாத்துக்கொண்டு இருந்தா எனக்கு இறங்காது" என்று கணவரிடம் சொன்னேன். கோப்பையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போவேன். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு ஊற்றுவேன். முதலில் பாதி ஊற்றினேன். பிறகு முழுவதும். கடைசி ஐந்து நாள் இளநீரும் தண்ணீரும் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. திங்கட்கிழமை நிறை பார்க்கும்போது, அவருடைய பட்டறைப் பூட்டுகளின் திறப்புக் கோர்வையையும் நிரப்பிய தண்ணீர்ப் போத்தலையும் சேலைக்குள் செருகிக்கொண்டு தராசில் ஏறினேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தம் இல்லை.

எட்டாம் நாள் வலி குறைந்தது போல இருந்தது. விழுங்காததால் வலிக்கவில்லை, நான் அதைச் சுகம் என்று எடுத்துக்கொண்டேன். தலை இலேசாக இருந்தது. பின்னேரங்களில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, என் கலங்கள் கழுத்துக்குள் ஒளித்திருக்கும் புற்றைத் தேடித் தேடித் தின்பதாக நினைப்பேன். அவர் கட்டிலின் ஓரத்தில் இருந்து என் காலைத் தடவிவிடுவார். "ஆறும் குடிச்சிட்டாய். கெட்டிக்காரி" என்பார்.

பதினோராம் நாள் மேசையில் படுக்கவைத்து முகமூடியைப் பூட்டினார்கள். கதிர் கொடுக்கும் பெண் வெளியே போகத் திரும்பியவள் நின்றாள். என் கன்னத்துக்கும் வலைக்கும் இடையில் தன் விரலை விட்டுப் பார்த்தாள். ஒன்று போனது. இரண்டாவதும் போனது.

"அம்மா, தலையை ஒருக்கா ஆட்டுங்கோ பாப்பம்."

ஆட்டினேன். பூட்டியிருந்த வலைக்குள் என் தலை இடமும் வலமும் திரும்பியது.

"இண்டைக்குக் கதிர் இல்ல, அம்மா" என்று சொல்லிக்கொண்டே பூட்டைக் கழற்றினாள்.

புற்றுநோய்ப் பிரிவில் எங்களைப் பார்த்த வைத்தியர் கிண்ணியாக்காரர், வயது குறைந்தவர். எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். திங்கட்கிழமைக்குக் காத்திராமல் அப்போதே நிறை பார்த்தார்கள். இந்த முறை திறப்பும் இல்லை, போத்தலும் இல்லை.

"அம்மா சாப்பிடுறாங்களா?" என்று வைத்தியர் கேட்டார்.

என் கணவர்தான் பதில் சொன்னார். "ஆறு கோப்பையும் குடிக்கிறா, டொக்டர். நான்தான் அரைச்சுக் குடுக்கிறன்." அதைச் சொல்லும்போது அவருடைய குரலில் ஒரு பெருமை இருந்தது. அதைக் கேட்டதும் என்னால் தாங்க முடியவில்லை.

"ஊத்தினனான்" என்றேன்.

விளங்காமல் இருவரும் என்னைப் பார்த்தார்கள். கையால் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினேன்.

கணவர் வைத்தியர் பக்கம் திரும்பினார். அவரைப் பார்த்துத்தான் சொன்னார், என்னைப் பார்த்து இல்லை. "அவவுக்குத் தொண்டையில குத்தும் எண்டு ஒவ்வொரு முள்ளாப் பாத்துப் பாத்து எடுத்தனான், டொக்டர்."

ஏன் என்று வைத்தியர் கேட்டார். நான் தொலைபேசியை எடுத்து அந்த வீடியோவைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. கடைசி வரை பார்த்தார்.

"இதில பாதி உண்மை. அதுதான் பிரச்சினை" என்றார். "எங்கட உடம்பில இருக்கிற ஒவ்வொரு கலமும் தன்னைத் தானே கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுது, அம்மா. பழுதாப் போன சாமானை ஒரு பைக்குள்ள சுத்தி, கரைச்சு, வாற சத்தைத் திரும்பப் பாவிக்கும். தன்னுண்ணல் என்டு சொல்லலாம். சாப்பாடு குறைஞ்சா அது கூடும். அது வரைக்கும் இந்த வீடியோக்காரர் சொல்றது சரி."

"பிறகென்ன பிழை?" என்று என் கணவர் கேட்டார்.

"ஐயா, நீங்க இஞ்சின் வேலை செய்றவர்தானே. கடலுக்குப் போக முதல் பழுதான சாமானைக் கழட்டிட்டா இஞ்சின் ஒழுங்கா ஓடும். பாக்கு நஞ்சு படுற நேரம் நல்ல கலம் அப்படித்தான் தன்னைத் துப்புரவாக்கி, புற்றா மாறாம இருக்கப் பார்க்கும். அப்ப தன்னுண்ணல் எங்கட காவல். ஆனா ஒருக்காப் புற்றா மாறிட்டா கதை வேற. புற்றுக்கலமும் அதே வேலையைத் தனக்காகச் செய்யும். இரத்தம் போதாத இடத்தில, கதிர் பட்டு அடிவாங்கின நேரத்தில, உள்ளுக்க இருக்கிறதையே தின்று உயிரைப் பிடிச்சு வெச்சிருக்கும். எண்ணெய் முடிஞ்ச படகில பலகையைக் கழட்டி எரிச்சுக் கரைக்கு வாற மாதிரி."

மேசையில் கிடந்த தொலைபேசியை நான் கவிழ்த்து வைத்தேன்.

"பட்டினி கிடந்து புற்றுக்கலத்துக்குப் பழக்கம் இருக்கு, அம்மா. உங்களுக்கு இல்ல. முதல் கரையிறது உங்கட தசை. கன்னம், தொடை, மூச்சு விடுற தசை. வெந்த வாய் ஆறத் தேவையான சத்தும் இல்லாமப் போகும். இப்ப முகமூடியும் பொருந்தல்ல. கதிரும் நின்டுட்டு."

"அந்தப் புற்றுக்கலம் தன்னைத் தின்னுறதை நிப்பாட்ட மருந்து இல்லையா?" என்று கணவர் கேட்டார்.

"தேடுறாங்க. கூட்டுறதா, குறைக்கிறதா, எந்த நோயாளிக்கு, எந்தக் கட்டத்தில என்டு ஆராய்ச்சி செய்றவங்களுக்கே இன்னும் முழுசாப் பிடிபடல்ல. எனக்கும் தெரியாது. தெரியாத விஷயத்தைத் தெரியும் என்டு சொல்றவங்கதான் இதில ஆபத்து."

நான் மேசையில் இருந்த தாளை இழுத்து எழுதினேன்: 'இந்தப் பதினொரு நாளில் அது பலமாகியிருக்குமா?'

அவர் வாசித்துவிட்டுப் பேனையை மூடினார். "தெரியாது, அம்மா. உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டன்."

நான்கு நாள் கதிர் இல்லாமல் போனது. புதிய முகமூடி செய்தார்கள். அளவுகளைத் திரும்பக் கணித்தார்கள். மூக்குக் குழாய் போட நானே கேட்டேன். தவறிய நாட்கள் பின்னால் சேர்க்கப்பட்டன. இருந்தாலும் அந்த நான்கு நாளையும் நான் மறந்ததில்லை. கதிர்ச்சிகிச்சையை இடையில் விடக்கூடாது என்பதற்கான காரணத்தைப் பிறகுதான் முழுமையாக வாசித்தேன். இடைவெளி கிடைத்தால் மிஞ்சியிருக்கும் புற்றுக்கலங்கள் தலையெடுக்கப் பார்க்கும். அந்த இடைவெளியைக் கொடுத்தது நான்.

கணவர் இரண்டு நாள் என்னோடு தேவைக்கு மேல் கதைக்கவில்லை. நேரத்துக்கு அரைத்தார், வடித்தார், குழாயை உயர்த்திப் பிடித்து மெதுவாக ஊற்றினார். மூன்றாம் நாள் ஊற்றிக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "இனி நீ ஒண்டும் ஒளிக்க ஏலாது. நேரா உள்ளுக்குப் போகுது." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்தபடியே குழாயை என் கையில் தந்துவிட்டு, எழும்பிக் குசினிப் பக்கம் போனார். அவர் திரும்பி வர நேரம் எடுத்தது. வரும்போது முகம் கழுவியிருந்தார்.

அக்காவுக்கு ஒரு வரி எழுதி அனுப்பினேன்: 'நான் திரும்பச் சாப்பிடுறன்.' மூன்று கிழமை பதில் இல்லை. பிறகு அழைப்பு எடுத்தாள்.  அவளுடைய வீட்டில் ஹீற்றர் ஓடும் சத்தம் கேட்டது.

"நான் அங்க வந்து உன்ர வாயைக் கழுவிவிட ஏலாது, வசந்தி. எனக்கு அனுப்ப ஏலுமானதைத்தான் அனுப்பினனான்" என்றாள்.

நான் அவளைக் கோபிக்கவில்லை. அவள் இன்னும் அந்த வீடியோவை நம்புகிறாள் என்றுதான் நினைக்கிறேன். நாங்கள் இப்போது வேறு விஷயங்கள் கதைக்கிறோம்.

சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடமாகிறது. அலுவலகத்தில் என்னைக் கோவைகள் வைக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். தொலைபேசியில் இப்போது வேறொரு பெண் வணக்கம் சொல்கிறாள். முதல் கிழமை அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழும்பி யன்னல் பக்கம் போய் நிற்பேன். இப்போது போவதில்லை. கன்னத்துக்குள் எச்சில் சுரப்பது குறைவு. தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் வெளியே இறங்குவதில்லை. கழுத்தின் இடது பக்கம் மரத்துப் போயிருக்கிறது; அந்த இடத்தைத் தொட்டால் வேறொருவரைத் தொடுவது போல இருக்கும்.

போன முறை ஸ்கானில் கழுத்தின் வலது பக்கம் ஒரு கணு சற்றுப் பெரிதாகத் தெரிந்தது. தடிமன், இருமல் பிடித்திருந்தாலும் அப்படி இருக்கலாம் என்றார்கள். மூன்று மாதம் விட்டுத் திரும்பப் பார்ப்போம் என்றார்கள். பதினொரு நாளைப் பற்றிய அந்தக் கேள்வியை நான் இந்த முறை கேட்கவில்லை. வைத்தியருக்கும் தெரியாத ஒன்றை அவரிடம் எத்தனை தரம் கேட்பது?

முன்பு என் உடம்பு எனக்குச் சொந்தமான ஒரு பொருள் என்று நினைத்திருந்தேன். பட்டினி போட்டால் பணியும், கெஞ்சினால் இரங்கும் என்றும் நினைத்திருந்தேன். இதை எழுதும் இந்த நேரத்திலும் உள்ளே கோடிக்கணக்கான கலங்கள் தங்கள் பழுதைத் தாங்களே தின்று, தங்களைத் தாங்களே புதுக்கிக்கொண்டிருக்கின்றன. நல்லதும் அதைச் செய்கிறது, கெட்டதும் அதையே செய்கிறது. எது எந்தப் பக்கம் என்று என்னிடம் யாரும் சொல்லப்போவதில்லை. நான் செய்யக்கூடியது வேளைக்குச் சாப்பிடுவது. ஒரு நேரச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் எடுக்கிறது. வருடத்தை மூன்று மூன்று மாதமாக எண்ணுகிறேன். நாளைச் சாப்பாட்டு நேரங்களாக எண்ணுகிறேன்.

கதிருக்குப் பிறகு ருசி ஒவ்வொன்றாகத் திரும்பியது. உப்பு முதலில் வந்தது, கைப்பு பிறகு. இனிப்பு மட்டும் வரவில்லை. சீனி போட்ட தேத்தண்ணீர் ஈர மண்ணைப் போல இருந்தது. இனி வராது என்று விட்டுவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை கணவர் ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை வெட்டி, சதையைக் கரண்டியால் மசித்துத் தந்தார். மூன்றாவது கரண்டியில் ஏதோ வந்தது. நான் கரண்டியை வைத்துவிட்டு அசையாமல் இருந்தேன்.

"என்ன? குத்துதா?" என்று எழும்பினார்.

"இல்ல, தவா. இனிக்குது."

அவர் நம்பவில்லை. தானும் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தார். "ஓம்" என்றார்.

அந்தக் கணுவைத் திரும்பப் பார்க்கக் கிளினிக்குக்குப் போக இன்னும் ஒன்பது நாள் இருந்தது. வழக்கமாக ஒரு பழத்தில் பாதியை மூடி அடுத்த நாளுக்கு வைப்போம். அன்றைக்கு வைக்கவில்லை. இரண்டு பேரும் இருந்து, கொட்டையைச் சூப்புவது வரை, முழுவதையும் சாப்பிட்டு முடித்தோம்.